தென்துருவம் ஏன் கூடுதலாகக் குளிர்கிறது?

கேள்வி: இரு துருவங்களிலும் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்றுதான் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, ஆர்க்டிக்கைவிட அன்டார்க்டிகா மிக அதிகமாகக் குளிர்வது ஏன்?

பதில்: வெயிலை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தப் புதிர் இன்னும் வலுக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அதாவது தென்துருவத்தின் நடுக்கோடையில். எனவே கோடை உச்சத்தில் வடதுருவத்தைவிடத் தென்துருவத்தின் மீது சற்றுக் கடுமையான வெயிலே விழுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதியை வெண்பனிப் பரப்பு அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது.

உண்மையான வேறுபாடு காலடியில் இருக்கிறது. வடதுருவத்தில் நிற்பவரின் கீழே சில மீட்டர் கனமுள்ள கடற்பனியும், அதற்கடியில் பெருங்கடலும் உள்ளன. அந்தக் கடல்நீர் உறைநிலையான -1.8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாது என்பதால், குளிர்காலம் முழுவதும் அதன் வெப்பம் சிறிது சிறிதாக மேலே கசிந்துகொண்டே இருக்கும். தென்துருவமோ கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் ஏறக்குறைய 2,700 மீட்டர் வெறும் பனிக்கட்டி. கண்டங்களிலேயே சராசரி உயரம் மிகுந்தது அன்டார்க்டிகாதான். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து குளிர்கிறது. கண்டத்தைச் சுற்றி ஓடும் கடல் நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரைத் தடுத்து நிறுத்துகிறது. 3,488 மீட்டர் உயரத்தில் உள்ள வோஸ்டாக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று -89.2 டிகிரி பதிவானதை இந்த உயரத்தோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். அதே கண்டத்தின் கடற்கரைகளில் கோடையில் வெப்பநிலை சுழியத்தைத் தாண்டுவதும் உண்டு.

ஆனால் கடற்கரையும் சுகமான இடமன்று. மேட்டுநிலத்தில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து, கடலை நெருங்கும்போது புயலின் வேகம் பெறுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வுப் பயணி டக்ளஸ் மாசனின் குழு 1912-இல் தங்கியிருந்த டெனிசன் முனை இதற்குப் பெயர்பெற்றது.

கேள்வி: அன்டார்க்டிகா ஒரு பாலைவனம் என்கிறார்கள். அப்படியானால் அவ்வளவு பனி எங்கிருந்து வந்தது?

பதில்: பாலைவனம் என்பது சரிதான். உட்பகுதியில் ஓராண்டில் விழும் பனியை உருக்கினால் பல இடங்களில் 50 மில்லிமீட்டர் நீர்கூடத் தேறாது. விழுவது குறைவு, ஆனால் விழுந்தது உருகுவதில்லை. ஆண்டுதோறும் படிந்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, மிக மெதுவாகக் கடலை நோக்கி நகர்கிறது. இந்தப் பனிவிரிப்பு உருவாகத் தொடங்கி ஏறக்குறைய 3.4 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டோம் சி என்னும் இடத்தில் 3,200 மீட்டருக்கு மேல் துளையிட்டு எடுத்த பனித்தூணின் அடிப்பகுதி, ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெய்த பனி. அதற்குள் சிறைப்பட்ட நுண்ணிய குமிழிகளில் இருப்பது அந்தக் காலத்துக் காற்றேதான்; அதை வெளியே எடுத்து, அன்றைய வளிமண்டலத்தில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது என்று அறிவியலாளர்கள் நேரடியாக அளந்திருக்கிறார்கள்.