எம்.எல்.ஏ. தரப்பு அனுப்பிய ‘மந்தணக்’ கோப்பு என் போனில் இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: எதிர்க்கட்சி ஒன்றின் ஒன்றிய ஐ.டி. விங் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது பற்றிய அரசு அலுவலகக் குறிப்பு ஒன்றை எங்கள் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே ‘மந்தணம்’ (ரகசியம்) என்று முத்திரை, உள்ளே சர்வே எண்கள். “தேர்தலுக்கு முன்னால் நம்ம பேஜில் போட்டுவிடு, அண்ணனுக்குச் சட்டமன்ற உரிமை இருக்கிறது, உனக்கு ஒன்றும் வராது” என்கிறார். போடலாமா? போட்டால் சிறையா? பயமாக இருக்கிறது, அழித்துவிடட்டுமா?

பதில்:

போடாதீர்கள். அழிக்கவும் செய்யாதீர்கள். காரணங்களைப் படிப்பதற்கு முன் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் அந்த உதவியாளர் இன்னொரு முறை போன் செய்துவிடுவார்.

முதலில் அழிப்பது. வழக்கு வரலாம் என்று தெரிந்தே ஆதாரத்தை அழித்தால் அது தனியாக ஒரு குற்றம். அதைவிட முக்கியம், அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் இன்றைக்கு உங்களுக்கு இருக்கும் ஒரே கவசம். நீங்கள் கேட்கவில்லை, அவராக அனுப்பினார், அவர்தான் போடச் சொன்னார் என்பதெல்லாம் அதில் தேதி, நேரத்தோடு இருக்கிறது. நீங்கள் அழித்தாலும் அவர் போனில் இருக்கும், அவருக்கு அனுப்பியவர் போனில் இருக்கும். உங்கள் பக்கத்து நியாயம் மட்டும்தான் காணாமல் போகும்.

அடுத்து சிறை. இதற்கான சட்டம் 1923ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டம். உளவு பார்ப்பவர்களுக்கு அதில் 3ஆம் பிரிவு இருக்கிறது, அது உங்களுக்கு வேண்டாம். உங்களைத் தொடக்கூடியது 5ஆம் பிரிவு. பதவியில் இருப்பவர் நம்பிக்கையின் பேரில் தன்னிடம் வந்த தகவலை உரிமையில்லாதவருக்குக் கொடுப்பது குற்றம். அது முறைகேடாக வருகிறது என்று தெரிந்தே விரும்பி வாங்கிக்கொள்வதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கேட்காமல் போனில் வந்து விழுந்ததை ‘விரும்பி வாங்கியது’ என்று நிரூபிப்பது அரசுக்கு எளிதல்ல. அதையே நீங்கள் பேஜில் ஏற்றிவிட்டால், வெளியே பரப்பியது நீங்கள்தான். அப்புறம் வழக்கை அங்கிருந்துதான் பின்னுவார்கள்.

‘மந்தணம்’ என்று முத்திரை குத்திவிட்டாலே அது சட்டப்படி ரகசியம் ஆகிவிடாது, உண்மைதான். அமைச்சரவைக் குறிப்பை வைத்துச் செய்தி எழுதிய ஒரு பத்திரிகையாளரை 2009இல் டெல்லி நீதிமன்றம் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் விடுவித்தது. ஆனால் விடுதலைக்கு முன்னால் அவர் பல வருடம் நீதிமன்றத்துக்கு நடந்தார். இஃப்திகார் கிலானி என்ற பத்திரிகையாளரை 2002 ஜூனில் இதே சட்டத்தில் கைது செய்தார்கள். அவரிடம் இருந்தது ஏற்கெனவே இணையத்தில் எல்லோரும் படிக்கக்கூடிய கட்டுரை. 2003 ஜனவரியில் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. இடையில் அவர் இருந்தது திகார் சிறையில். ‘கடைசியில் ஜெயிப்போம்’ என்று சொல்லும் வக்கீல், அந்தக் கடைசி எத்தனை வருடம் கழித்து வரும் என்று சொல்ல மாட்டார்.

உங்கள் கட்சிக்காரர்கள் உங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சட்டத்தில் போலீஸோ பொதுமக்களோ நேராக நீதிமன்றத்தில் வழக்கைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. அரசு அதிகாரம் கொடுத்தவர் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கும். ராணுவத் தலம், வெளிநாடு போன்ற தொடர்பு இல்லாத உங்களுடையது மாதிரி விவகாரத்தில் அந்த அரசு மாநில அரசுதான். ஆளுங்கட்சியினர் தங்கள் எதிரியை மாட்டிவிட ஒரு கோப்பைக் கசியவிட்டால், புகார் எழுத வேண்டிய அரசே அவர்களுடையது, யார் எழுதுவார்? எதிர்க்கட்சிக்காரர் கசியவிட்டால் மறுநாளே பேனா ஓடும். அமைச்சர்கள் பதவியேற்கும்போது ரகசியக் காப்புப் பிரமாணம் எடுக்கிறார்கள், டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதை மீறினால் என்ன தண்டனை என்று அரசியலமைப்பில் தேடிப் பாருங்கள், ஒரு வரி கிடையாது. சாதாரண எம்.எல்.ஏ.வுக்கு அந்தப் பிரமாணமே இல்லை.

பாகிஸ்தானிலும் இதே 1923 சட்டம்தான். இம்ரான் கான் 2022 மார்ச் மாதம் பிரதமராக இருந்தபோதே பொதுக்கூட்டத்தில் ஒரு தாளை ஆட்டிக் காட்டி, தன்னைக் கவிழ்க்க வெளிநாட்டுச் சதி என்றார். அப்போது சட்டம் தூங்கியது. ஆட்சி மாறிய பிறகு விழித்துக்கொண்டது. 2024 ஜனவரியில் பத்து ஆண்டு சிறை, ஜூன் மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. பிரிட்டனில் 2008இல் உள்துறையிலிருந்து தகவல் வாங்கிய எதிர்க்கட்சி எம்.பி. டேமியன் கிரீனைக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டே வழக்கு வேண்டாம் என்று முடிவானது. பிற்பாடு அவர் பெரிய அமைச்சராகவும் ஆனார். தகவல் கொடுத்த இளநிலை அலுவலருக்குத்தான் வேலை போனது.

உங்களுக்கு வந்த படத்தின் அடியை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். ஈ-ஆபீஸ் என்ற அரசின் மின்கோப்பு முறையிலிருந்து இறக்கிய பிரதி என்றால், எந்த அலுவலர், என்ன பதவி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தார் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். நீங்கள் அப்படியே பேஜில் போட்டால் முதலில் மாட்டுவது அந்த மனிதர். ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை, தற்காலிகப் பணிநீக்கம், பிள்ளைகளின் படிப்பு நடுவில். உதவியாளர் அதைப் பற்றி உங்களிடம் பேசியிருக்க மாட்டார்.

இனி அந்தச் ‘சட்டமன்ற உரிமை’. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதை நம்பித்தான் குழியில் விழுகிறார்கள். அரசியலமைப்பின் 194ஆவது கூறுப்படி, எம்.எல்.ஏ. சட்டமன்றத்துக்குள்ளோ அதன் குழுவிலோ பேசியதற்காக எந்த நீதிமன்றமும் அவரைக் கேட்க முடியாது. அவையின் அதிகாரத்தின் பேரில் வெளியான ஆவணத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அத்தோடு சரி. அவைக்கு வெளியே மைக் முன்னால் பேசுவதற்கு இல்லை, கட்சி அலுவலகத்தில் பேசுவதற்கு இல்லை, வாட்ஸ்அப்புக்கு இல்லவே இல்லை. 2024 மார்ச்சில் சீதா சோரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும், இந்தப் பாதுகாப்பு அவை நடப்பதற்குத் தேவையான அளவுக்குத்தான், உறுப்பினருக்குச் சொந்த வரமாகக் கிடையாது என்று சொல்லிவிட்டது. சரி, அவர் அவையில் அந்தக் குறிப்பைப் படித்தார் என்றே வைப்போம். நீங்கள் அதை வெளியிடலாமா? அவை நடவடிக்கையை உள்ளபடியே, கெட்ட நோக்கம் இல்லாமல் வெளியிடும் பத்திரிகைக்கும் ஒலிபரப்புக்கும் 361ஏ கூறு பாதுகாப்பு தருகிறது. கட்சி ஃபேஸ்புக் பேஜ் அதில் அடங்குமா என்பது வாதாடித்தான் பார்க்க வேண்டிய விஷயம், உங்களை வைத்து அதைச் சோதிக்க வேண்டாம். இன்னொன்று, சபாநாயகர் அந்தப் பேச்சை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டால் அதை வெளியிடுவதே உரிமை மீறல். 1950களில் பாட்னாவின் ‘சர்ச்லைட்’ பத்திரிகை இப்படி நீக்கிய பேச்சை அச்சிட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஆக, அவருக்கு இருப்பது அவைக்குள் அவர் பேச்சுக்கான உரிமை. உங்கள் போனுக்கு அதில் பங்கில்லை. அத்தனை தைரியம் இருந்தால் அவரே அவையில் எழுந்து படிக்கட்டுமே. உங்களை ஏன் போடச் சொல்கிறார்?

அந்த சர்வே எண்களைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. இப்படி ஒரு பட்டியல் கசிந்தால் அதை முதலில் படிப்பவர் நிலத் தரகர், விவசாயிக்கு அது போய்ச் சேர நாளாகும். “கவர்மெண்ட் எடுத்துக்கப்போகுது, சும்மா கொடுப்பதற்குப் பதில் எனக்குக் கொடு” என்று வாசலில் வந்து நிற்பார். கையில் அட்வான்ஸ், கூடவே தேதி போடாத விற்பனை ஒப்பந்தம், அல்லது பொது அதிகாரப் பத்திரம். பட்டாதாரர் கையெழுத்துப் போட்டபின் இழப்பீடு வரும்போது அது யார் கைக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி. உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபம் கேட்காமல் எடுக்க முடியாது. இழப்பீடு 2013ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின் கணக்குப்படி, நிலத்தின் மதிப்புக்குச் சமமாக நூறு சதவீத ஆறுதல் தொகையும் சேர்த்து. ‘சும்மா எடுத்துக்கொள்வார்கள்’ என்பது தரகர் கதை. உங்கள் ஊரில் யாரும் பவர் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கோப்பைப் போடுவதைவிட உங்கள் கட்சிக்கு இதில் நல்ல பெயர் கிடைக்கும்.

தாலுகா அலுவலகத்தையும் தலைமைச் செயலகத்தையும் சுற்றும் இன்னொரு கூட்டமும் உண்டு. “மீதிப் பக்கம் என்னிடம் இருக்கிறது” என்று விலை பேசுவார்கள். பணம் கொடுத்து வாங்கிய நிமிடத்தில் ‘கேட்காமல் வந்தது’ என்ற உங்கள் வாதம் செத்தது. இதில் கணிசமானது போலி வேறு. என்னிடம் ஒருவர் கொண்டுவந்த கடிதத்தில் தேதி 2019, கீழே கையொப்பம் ‘வேளாண்மை–உழவர் நலத் துறை’ செயலாளருக்காக. அந்தத் துறைக்கு அந்தப் பெயரே 2021இல்தான் வந்தது. கொண்டுவந்தவர் அதற்கு நல்ல விலை கொடுத்திருந்தார். போலி அரசுக் கடிதத்தைப் பரப்பினால் ரகசியச் சட்டம் போய், பொய் ஆவணக் குற்றம் வந்து நிற்கும், அதற்கு அரசின் தனி அனுமதியெல்லாம் தேவையில்லை.

அப்படியானால் மக்களுக்குத் தெரிய வேண்டிய விஷயத்தைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம், வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, ரகசியச் சட்டத்துக்கு மேல் நிற்கும் என்று 22ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பொது நன்மை பெரிதாக இருந்தால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்று 8(2) சொல்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும் சிப்காட்டுக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். ‘இந்தக் கிராமத்தில் நில எடுப்புக்கான முன்மொழிவு எந்த நிலையில் உள்ளது’ என்று கேளுங்கள், கோப்பைப் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. கையில் இருக்கும் குறிப்பின் எண்ணை மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள், அது உங்களிடம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு நீங்களே வாசல் திறந்துவிடுவதாகும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரும் பதில் பெரும்பாலும் ‘கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று ஒரு வரியில் இருக்கும். முதல் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு, அங்கே தேதி கிடைப்பதற்குள் சிப்காட் கட்டடமே எழும்பிவிடும். கசிவு நடப்பதே இந்த லட்சணத்தால்தான். முறையாகக் கேட்டால் பத்து ரூபாய்க்குக் கிடைக்க வேண்டியதைப் பூட்டி வைத்தால், அது அரசியல்வாதி கையில் ஆயுதமாகிறது.

அந்தக் குறிப்பில் உண்மையிலேயே பெரிய முறைகேடு தெரிந்தால் அதன் இடம் நீதிமன்றம். ரஃபேல் போர் விமான விவகாரத்தில் பத்திரிகையில் வெளியான பாதுகாப்புத் துறைக் கோப்புகளைப் பார்க்கவே கூடாது என்று மத்திய அரசு வாதாடியது. 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது. மறு ஆய்வு மனு கடைசியில் தள்ளுபடியானது வேறு கதை. முறையற்று வந்த ஆவணமாக இருந்தாலும் நீதிமன்றம் எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

இப்போதைக்கு அந்த உதவியாளருக்கு ஒரே வரி பதில் அனுப்புங்கள்: “அண்ணே, இதை நான் போட முடியாது, இனிமேல் இது மாதிரி அனுப்பாதீங்க.” போனில் சொல்லாமல் வாட்ஸ்அப்பிலேயே எழுதுங்கள். எந்தக் குழுவுக்கும் பகிராதீர்கள், வீட்டில் மச்சானுக்குக்கூட. கேலரியிலிருந்து கூகுள் போட்டோஸுக்குத் தானாக ஏறுவதையும் நிறுத்திவையுங்கள். போலீஸ் கூப்பிட்டால் எழுத்தில் சம்மன் கேளுங்கள், போனைக் கொடுக்க நேர்ந்தால் எதைக் கைப்பற்றினார்கள் என்று எழுதும் மகஜர் நகல் வாங்காமல் கொடுக்காதீர்கள். வக்கீல் வைக்கும்போது கட்சி வக்கீலை வைக்காதீர்கள். அவர் முதலில் எம்.எல்.ஏ.வைக் காப்பாற்றுவார், நேரம் மிச்சமிருந்தால் உங்களை.