ஒயில் போத்தலும் ஆய்வுகூட எண்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு எஞ்சின் ஒயில்களின் ‘நான்கு குண்டு’ சோதனை அறிக்கையைக் கடையில் காட்டினார்கள். ஒன்றில் தேய்மானம் 0.42 மில்லிமீற்றர், மற்றதில் 0.50. விலை கூடிய முதலாவதையா வாங்குவது? (வாசகர், சுன்னாகம்)

பதில்: அந்த அறிக்கையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அரை அங்குல உருக்குக் குண்டுகள் மூன்றைக் கிண்ணத்தில் இறுக்கி, மேலே நான்காவதை 15 அல்லது 40 கிலோ பாரத்தில் அழுத்தி, 75 பாகை செல்சியஸ் சூடான ஒயிலுக்குள் நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஒரு மணித்தியாலம் சுழற்றுவார்கள். கீழ்க் குண்டுகளில் விழும் தழும்பின் விட்டம்தான் உங்களுக்குக் காட்டிய எண். ஒரே ஆள் ஒரே இயந்திரத்தில் ஒரே ஒயிலைத் திரும்பச் சோதித்தாலும் 0.12 மி.மீ. வரை மாறலாம் என்று அந்தச் சோதனையின் நியமமே (ஏ.எஸ்.ரி.எம். என்ற அமெரிக்க நியம அமைப்பின் டி 4172) ஒத்துக்கொள்கிறது. உங்கள் 0.08 அதற்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே பாரமா வைத்தார்கள் என்றும் பாருங்கள்.

குண்டுகள் முட்டுவது ஒரு புள்ளியில். கிராங் பெயாரிங்கோ ஓடத் தொடங்கியதும் ஒயில் படலத்தில் மிதக்கும். உலோகத்தில் உலோகம் உரசுவது வால்வைத் திறக்கும் காம் முனையிலும், பிஸ்டன் ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்திலும்தான் அதிகம். அங்கே பெரும்பாலும் காப்பது தடிப்பு அல்ல, நாகமும் பொசுபரசும் சேர்ந்த சேர்மானம். சுழலும் வளையத்தில் பெயாரிங்கை அழுத்திக் கடை மேசையில் காட்டும் வித்தை இதைவிட மோசம்: குளோரின் கலந்த திரவம் அதில் சுலபமாக வெல்லும், எஞ்சினுக்குள் அரிக்கும். போத்தலில் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம்) தரும் எஸ்.பி. தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்துக்கான சோதனைகளில் ஒன்றில் 1.5 லீற்றர் டொயோட்டா எஞ்சினையே 200 மணித்தியாலம் ஓட்டித் தேய்மானம் அளக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வெயிலுக்கு 20டபிள்யூ-50தானே நல்லது? மோட்டார் சைக்கிள் கையேட்டில் 10டபிள்யூ-30 என்று இருக்கிறது. (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கையேட்டின்படி ஊற்றுங்கள். ‘டபிள்யூ’வுக்கு முந்திய எண் குளிர்ச் சோதனைக்குரியது, 20க்கு அது −15 பாகையில் நடக்கும். தை மாதப் பனியிலும் எங்களுக்கு அந்தக் கவலையில்லை. பெயாரிங்குக்கு முக்கியம், 150 பாகையில் வேகமாக நசுங்கும்போது மிஞ்சும் பிசுக்குமை, அதாவது ஒயிலின் தடிப்பு. குறைந்தபட்சம் 10டபிள்யூ-30க்கு 2.9 மில்லிபஸ்கால் செக்கன் (பிசுக்குமையின் அலகு), 10டபிள்யூ-40க்கு 3.5, 15டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் ஒரே 3.7. 2.9க்கு ஏற்ற இடைவெளியோடு செய்த எஞ்சினில் தடித்த ஒயில் காலையில் மேலே காமுக்கு ஏறப் பிந்தும், பெற்றோலும் கூடச் செலவாகும். மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய காலத்தில் தடித்த ஒயிலுக்கு நியாயம் இருந்தது: எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து ஒயிலை நீர்த்துப் போகச் செய்தது.

கேள்வி: கார் ஒயில் மீதி இருந்தது, பைக்குக்கு ஊற்றினேன். இப்போது முறுக்கினால் இரைச்சல்தான், வேகம் வருவதில்லை. (வாசகர், நெல்லியடி)

பதில்: கிளச் வழுக்குகிறது. எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. உங்கள் கிளச் தட்டுகள் அதே ஒயிலில்தான் ஊறுகின்றன. முதலில் கிளச் கேபிள் அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சூடாக இருக்கும்போதே ஒயிலை வடித்து, ஜே.ஏ.எஸ்.ஓ. (ஜப்பானிய வாகன நியமம்) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்ட, ஒயிலில் ஊறும் கிளச்சுக்கு ஏற்றதை ஊற்றுங்கள். தட்டில் ஊறியது போகச் சில நாள் எடுக்கும். பிறகும் வழுக்கினால் தட்டுகளைக் கழற்றித் தடிப்பை அளக்க வேண்டியதுதான். கியர் இல்லாத ஸ்கூட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் கிளச் ஒயிலுக்கு வெளியே இருக்கிறது.