2 டிபி டிஸ்க் 1.81 காட்டினால்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபி எஸ்டேட்டின் நான்கு சிசிடிவி கேமராக்களுக்காக 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினோம். மாட்டும் முன் கம்ப்யூட்டரில் பார்த்தால் 1.81 டிபி என்கிறது. கேமரா மாட்டும் ஆள், "மிச்சம் ஃபார்மட்டில் போய்விட்டது, 1,500 ரூபாய் கொடுங்கள், மீட்டுத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எதுவும் தொலையவில்லை, மீட்க என்ன இருக்கிறது?

உங்களுக்குக் காபி மூட்டைக் கணக்கே போதும். இங்கே மூட்டை 50 கிலோ, உலகச் சந்தைக் கணக்கில் 60 கிலோ. நீங்கள் 120 மூட்டை என்பதை அங்கே 100 என்று எழுதுவார்கள். கொட்டை குறைந்ததா? அதேபோல, டிஸ்க் தயாரிப்பவருக்கு 1 டிபி (டெராபைட்) என்பது சரியாக ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1024 ஆகப் பெருக்குவதால் அதன் டிபி சுமார் 1.1 லட்சம் கோடி. 2-ஐ அதால் வகுத்தால் 1.81.

இந்த 1024 கணக்குக்கு டெபிபைட் என்று தனிப்பெயர் வைத்து, எழுதும்போது TB-க்கு நடுவில் ஒரு சின்ன ஐ (TiB) போடச் சொல்லி 1998-லேயே சர்வதேச விதி வந்துவிட்டது. ஒரே ஒரு எழுத்து! விண்டோஸ் இன்னும் போடவில்லை. சந்தையில் தராசுக்காவது முத்திரை பார்க்க ஆள் வருவார்.

பழைய ஃப்ளாப்பி இன்னும் மோசம். 1.44 எம்பி என்று போட்டிருக்கும். அது ஆயிரம் கணக்கா, 1024 கணக்கா? இரண்டுமே இல்லை. 1,440-ஐ 1024-ஆல் பெருக்கி 14,74,560 பைட். அதை எம்பி ஆக்க 1024-ஆலும் ஆயிரத்தாலும் வகுத்தார்கள். ஒரே எண்ணுக்குள் இரண்டு தராசு. உங்களுக்கு இது தேவையில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்த ஆளின் கொட்டேஷனுக்குத்தான். ஆங்கிலத்தில் பெரிய பி (B) என்றால் பைட், சின்ன பி (b) என்றால் பிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். சேலத்தில் எனக்கு வரும் கொட்டேஷன்களில் பாதி முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். அதில் எது பிட், எது பைட் என்று எழுதியவருக்கே தெரியாது. கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்றல்ல. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 43 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 2 டிபி பதினோரு நாள்தான் தாங்கும். உங்களிடம் ஒரு மாதம் என்று சொல்லியிருந்தால், எத்தனை மெகாபிட், எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். மொத்த பைட் எண்ணிக்கை 2-இல் தொடங்கிப் பதின்மூன்று இலக்கமாக இருந்தால் அளவு சரி. டிஸ்க் பாதி விலைக்குக் கிடைத்ததென்றால் மட்டும் அந்த எண்ணையும் நம்பாதீர்கள். போலி டிஸ்க் பொய் எண் காட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பிப் பாருங்கள். பல மணி நேரம் ஓடும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.