பழைய 1613-ஆ, புது 12 சக்கரமா? டெல்டாவிலிருந்து வந்த லாரிக் கேள்விகள்

சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை மலையாகக் குவியும்போதுதான் நம் ஊரில் எல்லோருக்கும் லாரி ஞாபகம் வரும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: நிற்கிற பழைய வண்டியைத் தள்ளிவிட்டு புதுசு எடுக்கலாமா? கிளீனராக ஏறி, டிரைவராகி, அப்புறம் சொந்தமாக இரண்டு வண்டி வைத்து, அதில் ஒன்றை நஷ்டத்துக்கு விற்றவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

அப்பா வைத்திருந்த 2004 மாடல் 1613 லாரி நல்ல கண்டிஷனில் இருக்கிறது. உள்ளூரில் ஓட்டம் இல்லாததால் கேரளா, ஆந்திரா லைனுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அல்லது விற்றுவிட்டு 12 சக்கரம் எடுக்கட்டுமா? (மன்னார்குடி)

முதலில் பர்மிட்டைப் பாருங்கள் தம்பி. இரண்டு ஆக்ஸில் (சக்கர அச்சு) வண்டிக்கு 12 வயதோடு, வெளிமாநிலம் போக வேண்டிய நேஷனல் பர்மிட் முடிந்துவிடும், அதற்கு மேல் ஆக்ஸில் இருக்கிற மல்டி ஆக்ஸிலுக்கு 15 வயது. உங்கள் வண்டி இரண்டையும் தாண்டியாகிவிட்டது. ஆகவே அதை லைன் வண்டியாக ஓட்டுகிற பேச்சு அங்கேயே முடிந்தது, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

இப்போது கணக்கு. 1613 என்றால் 16 டன் மொத்த எடை, 130 குதிரைத்திறன். புது வண்டி நம்பர்களும் இதே மாதிரிதான். 3518 என்றால் 35 டன், 180 குதிரை. பழையதில் சட்டப்படி 10 டன் ஏற்றி லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் 45 டன்-கிலோமீட்டர். புது 12 சக்கரம் லிட்டருக்கு 3.5தான் கொடுக்கிறது, ஆனால் 24 டன் சுமக்கிறது என்றால் 84. மைலேஜ் குறைவு என்று டீக்கடையில் புது வண்டியைத் திட்டுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போடுவதே இல்லை. டிரைவர் சம்பளமும் இரண்டு வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர, போகும்போதும் வரும்போதும் லோடு இருக்க வேண்டும். இங்கிருந்து அரிசியோ வைக்கோலோ ஏற்றிக் கேரளாவில் பெரும்பாவூர் பக்கம் போனால், திரும்பும்போது பிளைவுட் கிடைக்குமா? யார் மூலமாக, எத்தனை நாள் காத்திருந்து? அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எடுங்கள். குறுவைக்கு ஒரு மாதம், சம்பாவுக்கு இரண்டு மாதம் நெல் ஓட்டம், மிச்ச நாளெல்லாம் செட்டில் நிறுத்தம் என்றால் வேண்டாம். வண்டி நிற்கும், தவணை நிற்காது. பழைய 1613 நின்றால் உங்களுக்கு பேட்டரி மட்டும்தான் இறங்கும்.

புது பி.எஸ்.6 வண்டி எடுத்து எட்டு மாதம். கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு மட்டும்தான் ஓடுகிறது. வாரத்துக்கு ஒரு தடவை லைட் எரிந்து இழுவை போய்விடுகிறது. கம்பெனி வண்டியே சரியில்லையா? (பாபநாசம்)

வண்டி சரியாகத்தான் இருக்கும், ஓட்டம்தான் அதற்கு ஒத்துவரவில்லை. பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலிலிருந்து விற்கிற வண்டிகளின் சைலன்சரில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். திருச்சி தாண்டி நாலுவழிச் சாலையில் ஒரு மணி நேரம் இழுத்தால் அது தன்பாட்டில் எரிந்துவிடும், டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. உங்கள் வண்டி செய்வது என்ன? 12 கிலோமீட்டர் போகிறது, கிடங்கு வாசலில் முப்பதாவது ஆளாக வரிசையில் நிற்கிறது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி பத்தடி நகர்கிறது. கரி சேர்ந்துகொண்டே போகிறது, எரிய வாய்ப்பே இல்லை. ஒரு அளவுக்கு மேல் கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடும்.

வாரத்துக்கு ஒரு நாளாவது தூர லோடு ஒன்று அடியுங்கள். முடியாவிட்டால் நிறுத்தி வைத்து எரிக்கிற ரீஜென் சுவிட்ச் இருக்கும், லைட் முதல் தடவை எரியும்போதே போட்டுவிடுங்கள், மூன்றாவது எச்சரிக்கை வரை தள்ளிப்போடாதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: நெல் களத்திலோ வைக்கோல் சிதறிக் கிடக்கிற இடத்திலோ வைத்து ரீஜென் போடக் கூடாது. சைலன்சர் வாயிலிருந்து வருகிற காற்று அப்போது அடுப்புதான். தார் ரோட்டிலோ சிமெண்ட் தரையிலோ நிறுத்திப் போடுங்கள், தார்ப்பாய் முனை தொங்குகிறதா என்றும் ஒரு தரம் குனிந்து பாருங்கள்.

உள்ளூர் நடைக்கு மட்டும்தான் என்றால், உண்மையைச் சொல்கிறேன், மன்னார்குடிக்காரரின் 1613-ஐ நீங்கள் வாங்கியிருக்கலாம்.

வயலுக்கு வாங்கிய யூரியா வீட்டில் நாலு மூட்டை கிடக்கிறது. இதையே தண்ணீரில் கரைத்து யூரியா டேங்கில் ஊற்றினால் என்ன? கடையில் 20 லிட்டர் பக்கெட் கொள்ளை விலை சொல்கிறான். (திருத்துறைப்பூண்டி)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, பக்கெட்டோ அவ்வளவு விலை, ஆசை வரத்தான் செய்யும். வேண்டாம் ஐயா. புது வண்டியில் புகையைச் சுத்தப்படுத்த டேங்கில் ஊற்றுகிற திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் உப்பே இல்லாத சுத்தத் தண்ணீர். வயல் யூரியாவில் 2015-லிருந்து முழுக்க வேப்பெண்ணெய் பூச்சு. கரைத்த பக்கெட்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள், மேலே படலம் மாதிரி எண்ணெய் மிதக்கும், அடியில் மண்டி நிற்கும். அது திரவத்தைத் தெளிக்கிற ஊசித் துளையில் போய்ப் படிந்து, அப்புறம் சைலன்சருக்குள் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிஸ்ட்டையே கெடுக்கும். நம் ஊர் போர் தண்ணீரில் கலந்தால் கேட்கவே வேண்டாம், கடலோரத் தண்ணீர் வேறு. போதாததற்கு மானிய யூரியாவை விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். அந்த நாலு மூட்டையைத் தாளடிக்குப் போடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்று எங்கள் டிரைவர் அண்ணன் சொல்கிறார். பழைய வண்டியில் அப்படித்தான் ஓட்டினாராம். (ஒரத்தநாடு)

கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுகிற புது காமன் ரெயில் இன்ஜினில், கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசலே உள்ளே போகாது, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டால் ஐடிலில் ஓட டீசல் குடிக்கும். ஆக அண்ணன் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு பண்ணிக்கொண்டிருக்கிறார். பணத்தை விடுங்கள், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில் 24 டன்னோடு நியூட்ரலில் போனால், இன்ஜினை வைத்தே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாது, முழுச் சுமையும் சக்கரத்து பிரேக் டிரம்மில். டிரம் சூடாகி பிரேக் பிடிக்காமல் போவது அப்படித்தான். அந்தக் காலத்தில் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கிய ஆட்களையும் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் கிளீனராக அந்த கேபினில் உட்கார்ந்திருந்தேன். அந்த வித்தையைப் புது வண்டியில் காட்டினால் பிரேக்குக்கு ஏர் ஏறாது, பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

பழைய வண்டி என்றால் ரோட்டிலேயே யாராவது ரிப்பேர் பார்த்துவிடுவார்கள், புதுசு நின்றால் லேப்டாப் வர வேண்டும். நீண்ட தூரத்துக்கு எது நம்பிக்கை? (வலங்கைமான்)

இதில் நான் அடிபட்டவன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். பழைய வண்டியில் டீசல் அடிக்க ஒரு மைக்கோ பம்ப், ஆறு குழாய், ஒரு பில்டர், அவ்வளவுதான். டீசல் வருகிறதா, காற்று வாங்கிவிட்டதா என்று 14 நம்பர் ஸ்பேனரை வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் கண்டுபிடிக்கலாம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் வெண்ணாற்றில் வாளியை விட்டு மொண்டு ஊற்றியிருக்கிறோம். (புது வண்டியில் அதைச் செய்யாதீர்கள், கூலன்ட் மட்டும்.)

என் புது வண்டி ஒரு அரவை மில் வளாகத்தில் லோடுக்காக மூன்று நாள் நின்றது. தவிடும் குருணையும் சிதறிக் கிடக்கிற இடம், எலிக்கு அது அரண்மனை. நாலாம் நாள் ஏற்றிக்கொண்டு கிளம்பி விக்கிரவாண்டி போவதற்குள் வண்டி 30-க்கு மேல் ஏறவில்லை. கம்பெனி ஆள் வந்து, லேப்டாப்பை மாட்டிப் பார்த்து, ஏதோ சென்சார் என்று மாற்றி, மறுபடி அதே கதை. இரண்டாம் நாள் ஒரு சின்னப் பையன், உதவிக்கு வந்தவன், கேபினைச் சாய்த்து டார்ச் அடித்து ஒயர்க் கட்டைத் தடவிப் பார்த்தான். அரிசி மணி அளவுக்கு ஒரு இடத்தில் தோல் போய், செம்பு பளிச்சென்று தெரிந்தது. பல் தடம் கூட இருந்தது! ஒயரின் விலை டீ காசு, போனது இரண்டு நாளும் வாடகையும்.

இருந்தாலும் தூர ஓட்டத்துக்குப் புதுசைத்தான் சொல்வேன். ஐந்து வருஷத்தில் இப்படி வழியில் நின்றது இரண்டு தடவை, பழைய வண்டி ஒரு சீசனிலேயே அதற்கு மேல் நின்றிருக்கிறது. மில்லில் நிறுத்தினால் தினமும் ஒரு தரம் கேபினைச் சாய்த்துப் பாருங்கள்.

வேதாரண்யத்திலிருந்து உப்பு ஏற்றுகிறோம். புது வண்டி எடுக்கலாமா?

கூடாது. உப்பு சேசிஸைத் தின்னும், ஒயர் முனைகளை அதைவிட வேகமாகத் தின்னும். பழைய வண்டி, நல்ல தார்ப்பாய், இறக்கியதும் நல்ல தண்ணீரில் கழுவல்.

ஏ.சி. கேபின் எல்லாம் டிரைவருக்கு ஆடம்பரம் இல்லையா? (கும்பகோணம்)

ஆடம்பரமா இல்லையா என்ற பேச்சு முடிந்துவிட்டது, 2025 முதல் புது லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். சித்திரை வெயிலில் பழைய கேபினில் கியர் பெட்டி மூடி மேல் கால் வைத்துப் பாருங்கள், செருப்பு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூட்டில், பவர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள் போனவர்கள்தான் எங்கள் தலைமுறை. இப்போதைய பையன்கள் பழைய வண்டி என்றதும் வேறு ஓனரைத் தேடுகிறார்கள், குறை சொல்ல முடியவில்லை.

பழைய வண்டியில் தாராளமாக 15 டன் ஏற்றுவோம், நெல் 375 மூட்டை. புதுசு அதுபோல் தாங்குமா? (நீடாமங்கலம்)

தாங்கும், தாங்காது என்பது இல்லை பிரச்சினை. 2018-ல் ஆக்ஸில் எடையை உயர்த்தியதால் புது இரண்டு ஆக்ஸில் வண்டிக்கு மொத்தம் 18.5 டன் வரை உண்டு. உங்கள் பழைய வண்டிக்கு ஆர்.சி.யில் எழுதியிருப்பதுதான் எடை. 10 டன்தான் ஏற்றலாம் என்றால், 40 கிலோ மூட்டையில் 250. மிச்ச 125 மூட்டை, அதாவது 5 டன், பிடிபட்டால் அபராதம் 20,000, அதோடு டன்னுக்கு 2,000 வீதம் இன்னொரு 10,000. அதிகப்படி மூட்டையை இறக்குகிற கூலியும் உங்கள் தலையில். அந்த 125 மூட்டைக்கு வாடகை எவ்வளவு வாங்கினீர்கள் என்று எழுதவே இல்லையே?