ஜப்பானியர் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்களுடைய பாரம்பரிய உணவுதான் காரணமா? நாமும் தினமும் மிசோ சூப் குடிக்கலாமா?

பாதிதான் உண்மை. மீதியையும் தெரிந்துகொண்டு மிசோ வாங்கினால் நல்லது என்பதால் எழுதுகிறேன். மிசோ என்பது சோயாவை உப்புப் போட்டுப் புளிக்கவைத்த விழுது.

வட ஜப்பானில், அகிதாவில் நான்கு வருஷம் படித்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் அறுபதைப் பார்க்காமலே போய்விட்டார்கள்; இருவருக்கும் பக்கவாதம். அந்தத் தலைமுறையில் அங்கே அது சாதாரணம். குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும் ஊர். பச்சைக் காய் கிடைக்காது. அதனால் முன்கூட்டியே முள்ளங்கியை அடுப்புப் புகையில் தொங்கவிட்டு, உப்பும் தவிடும் போட்டு ஊறவைப்பார்கள். இபுரிகக்கோ என்று பெயர். வேளாவேளைக்கு வெள்ளைச் சோறு, தொட்டுக்கொள்ள அந்த ஊறுகாய், உப்பு மீன், மிசோ சூப். 1950களில் அங்கே ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 20 கிராமுக்கும் மேல் உப்பு! உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறும், அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். 1951 முதல் 1980 வரை ஜப்பானில் மரணத்துக்கு முதல் காரணமே பக்கவாதம்தான்.

அதற்கும் முன்னால் பெரிபெரி, வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய். தீட்டிய அரிசிச் சோற்றை மட்டுமே நம்பியதால் வந்த வினை. 1883இல் நீண்ட பயணம் முடித்துத் திரும்பிய ர்யூஜோ கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு நோய், 25 பேர் சாவு. கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ சாப்பாட்டை மாற்றி அடுத்த வருஷம் இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்பினார். பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை. தரைப்படை கேட்கவில்லை. 1904-05 ரஷ்யப் போரில் சுமார் 27,000 வீரர்களைப் பெரிபெரிக்குப் பறிகொடுத்தது. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறாது.

1947இல் ஜப்பானிய ஆணின் சராசரி ஆயுள் 50, பெண்ணுக்கு 54. இன்று 81, 87. இந்த ஏற்றத்தில் காசநோய் அடங்கியதற்கும், 1961இல் எல்லோருக்கும் வந்த மருத்துவக் காப்பீட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. சாப்பாட்டிலும் உப்பு குறைந்தது; முட்டை, பால், கொஞ்சம் இறைச்சி சேர்ந்தன. தொஹொகு பல்கலைக்கழகத்தில் 1960, 1975, 1990, 2005 ஆகிய ஆண்டுகளின் ஜப்பானியச் சாப்பாட்டைச் சமைத்து, உலர்த்திப் பொடியாக்கி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பலன் தந்தது 1975. ரொம்பப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

வீட்டுக்கார அம்மாவின் சமையலும் அப்படித்தான். இரவே ‘கொம்பு’ என்ற கடற்பாசியில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு வைப்பார். காலையில் சூடாக்கி, கொதி வருவதற்குள் அதை எடுத்துவிட்டு, காய்ந்த மீன் சீவலைப் போட்டு வடிகட்டுவார். அந்தச் சாற்றில் முள்ளங்கி, கேரட், காளான், டோஃபு. கிண்ணத்தில் சாற்றைவிடக் காய்தான் அதிகம். மிசோ, அவருடைய அம்மா போட்டதில் பாதி. அடுப்பை அணைத்த பிறகுதான் கரைப்பார். சாற்றில் ருசி இருந்தால் உப்பை நாக்கு தேடாது என்பார். நான் ருசித்துப் பார்த்தவன், உண்மைதான். இபுரிகக்கோ இன்னமும் உண்டு, ஆனால் இரண்டே வில்லை. ரைஸ் குக்கருக்குப் பக்கத்திலேயே ரத்த அழுத்தக் கருவி. தினமும் அளந்து நோட்டில் எழுதுவார்.

ஆக, மிசோ சூப் தாராளமாகக் குடியுங்கள், ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம், காய் நிறையப் போட்டு. அன்றைக்கு ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்புக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நாட்டோவும் (புளிக்கவைத்த சோயா) வாங்குவதாக இருந்தால் ஒன்று: அதில் வைட்டமின் கே மிக அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தரவே கூடாது.