விசைக்கு ஒரு பொட்டு: கேள்வி பதில்

எனக்கு விழித்திரை நோய். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகின்றன. மொரீஷியஸில் தமிழ் ஆசிரியையாக வேலை பார்த்தவள். இன்றும் பாடக் குறிப்புகளை நானேதான் கணினியில் அடிக்கிறேன். கீபோர்ட் விசைகளைத் தொட்டே கண்டுபிடிக்க அதிகச் செலவில்லாத வழி என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். நான் செய்து பார்த்ததையே பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு மருமகள்: அத்தைக்குப் பார்வை மங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு மெயில் அனுப்ப ஆசைப்படுகிறார். எல்லா விசைக்கும் ஏதாவது ஒட்டிவிடலாமா?

வேண்டாம் அம்மா. எல்லோரும் முதலில் செய்கிற தவறு இதுதான், நானும் செய்திருக்கிறேன். எல்லா விசையும் மேடாக இருந்தால் எதுவுமே மேடாகத் தெரியாது. கரண்ட் போன இரவில் வீட்டுக்குள் எப்படி நடக்கிறோம்? கதவு நிலை, மேசை முனை, குளிர்பெட்டி என்று மூன்று நான்கு இடங்களைத்தானே தொடுகிறோம். மற்றது காலுக்குத் தெரியும். விரலுக்கும் அப்படித்தான்.

அத்தையின் கீபோர்டில் எஃப், ஜே இரண்டையும் முதலில் தடவிப் பாருங்கள். அடிப்பக்கம் சிறிய கோடு ஒன்று இருக்கும். ஆட்காட்டி விரல்கள் இரண்டும் உட்கார வேண்டிய இடம் அது. வலப்பக்க எண் பகுதியில் ஐந்துக்கும் ஒரு புள்ளி இருக்கும். பழைய கீபோர்டில் இவை தேய்ந்திருக்கும், வயதான விரலுக்குப் புதியதிலும் தெரியாமல் போகலாம். அதனால் இவற்றைப் பெரிதாக்குவதுதான் முதல் வேலை.

அடுத்து மேல் வரிசை எண்களில் ஐந்துக்கும் எட்டுக்கும் ஒவ்வொரு பொட்டு. நடுவில் ஆறும் ஏழும், எட்டுக்கு வலப்பக்கம் ஒன்பதும் பூஜ்யமும். இடப்பக்கம் நான்கிலிருந்து ஒன்றுவரை எண்ணிப் போகலாம். பிறகு டெலீட் விசைக்கு ஒன்று, ஏனென்றால் அதைத் தவறி அழுத்தினால் எழுதினது போய்விடும். அவ்வளவுதான், ஆறேழு பொட்டுகள். எஸ்கேப், கன்ட்ரோல் மாதிரி மூலையில் இருப்பவற்றுக்கு எதுவும் வேண்டாம், மூலையே அடையாளம். ஸ்பேஸ், எண்டர் இரண்டும் அளவிலேயே தெரிந்துவிடும்.

போர்ட் லூயிஸ்: பொட்டு பொட்டு என்கிறீர்களே, எந்தப் பொட்டு?

நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டுதான்! ஒரு தீபாவளிச் சமயத்தில் என் தங்கை வாங்கி வைத்திருந்த அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து என் மேசையில் ஓர் அட்டை எப்போதும் இருக்கும். உங்கள் ஊரில் புடவையும் பூஜைச் சாமானும் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். ஓர் அட்டையை வைத்து இரண்டு மூன்று கீபோர்டுக்கு வேலை முடித்துவிடலாம்.

வெல்வெட் பொட்டு மேடாக இருக்காது, ஆனால் மெத்தென்று இருக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்குக்கு நடுவே அந்த மெத்தை உடனே தெரிந்துவிடும். அடிக்கடி விரல் படும் எஃப், ஜே விசைகளுக்கு அதுதான் சுகம். கல் பொட்டில் பட்டை தீட்டினது வேண்டாம், ஒரு பக்கம் அடித்தால் விரல் நுனி சிவந்துவிடும். அரை முத்து மாதிரி உருண்டையாக இருப்பதைப் பாருங்கள். அதை எண்களுக்கும் டெலீட்டுக்கும் வைக்கலாம்.

விசையின் நடுவில் ஒட்டாதீர்கள். நடுவில் விரல் அழுத்தும், பொட்டு நகரும், விரலும் வலிக்கும். அடி ஓரத்தில் ஒட்டினால் விரல் அதை உரசிக்கொண்டே போகும்.

பொட்டின் பசை நெற்றிக்கானது, பலமாகப் பிடிக்காது. முதலில் மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து விசையைத் துடைத்துக் காயவிடுங்கள். விரல் எண்ணெய் போனாலே பாதிப் பிடிப்பு கூடிவிடும். ஒட்டி அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, அன்று முழுக்க அந்த விசையைத் தொடாமல் விடுங்கள். எஃப் விசையில் என் வெல்வெட் பொட்டு மூன்று வாரம் போல நிற்கும், பிறகு மாற்றிவிடுவேன். பல மாதம் நிற்க வேண்டும் என்றால், அலமாரிக் கதவு அடிக்காமல் இருக்க உள்ளே ஒட்டுவார்களே, கண்ணாடி மாதிரி ரப்பர் குமிழ், அதில் மிகச் சிறிய அளவை வாங்குங்கள். ஆணி, பெயின்ட் விற்கும் கடையில் கிடைக்கும். பசை பலமானது.

மாயேபூர்: திங்கட்கிழமைச் சந்தையில் நெயில் பாலிஷ் மலிவாகக் கிடைக்கிறது. அதைச் சொட்டாக வைக்கலாமா? சூப்பர் க்ளூ?

நெயில் பாலிஷ் வைக்கலாம், பொறுமை வேண்டும். ஒரு சொட்டு காய்ந்தால் தட்டையாகிவிடும். நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காயவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால்தான் விரலுக்குத் தெரியும் அளவுக்கு மேடாகும். பிடிக்கவில்லை என்றால் சுரண்டி எடுங்கள். அசிட்டோன் கலந்த ரிமூவரைத் தொடவே கூடாது, பெரும்பாலான விசைகளின் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.

சூப்பர் க்ளூவில் எனக்கு அனுபவம் உண்டு. முத்துப் பொட்டுக்கு அடியில் ஒரு சொட்டு விட்டேன். அது வழிந்து விசைகளுக்கு நடுவே இறங்கி, எட்டும் ஒன்பதும் ஒட்டிக்கொண்டன. கீபோர்டே போனது. அவசியம் என்றால் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு, பொட்டின் அடியில் மட்டும் தடவுங்கள். மேசைக் கணினி விசைகளை நேராக மேலே இழுத்தால் கழன்றுவரும். கழற்றி வைத்து ஒட்டிவிட்டுத் திரும்ப மாட்டலாம். ஸ்பேஸையும் எண்டரையும் மட்டும் கழற்றாதீர்கள், பலவற்றில் அடியில் கம்பி இருக்கும், திரும்ப மாட்டுவது பெரும்பாடு.

ஹாட் க்ளூ இதைவிட நல்லது. சின்னச் சொட்டு வைத்தால் உடனே மேடாகிவிடும். எடுக்க வேண்டுமானால் ஓரத்தில் ஸ்பிரிட் விட்டால் கழன்றுவிடும்.

கத்ர போர்ன், பல்கலைக்கழக மாணவர்: என்னிடம் லேப்டாப்தான். அதிலும் இதையே செய்யலாமா?

தம்பி, அவசரப்பட வேண்டாம். லேப்டாப்பை மூடும்போது திரைக்கும் விசைக்கும் இடையே கிடைக்கும் இடம் மிகக் குறைவு. முத்துப் பொட்டோ ரப்பர் குமிழோ இருந்தால் அது திரையில் தழும்பு வைக்கும். பைக்குள் புத்தகங்களோடு போட்டு பஸ்ஸில் நெரிந்தால் திரை உடையவும் கூடும். பார்க்க முடியாதவருக்குத் திரை எதற்கு என்று கேட்கலாம், விற்கும்போதும் பிறர் உதவும்போதும் அது வேண்டும்.

லேப்டாப்புக்கு மேடு வேண்டாம், சொரசொரப்பு போதும். காயத்துக்கு ஒட்டும் காகிதப் பிளாஸ்டரை நெல்மணி அகலத்துக்கு வெட்டி ஒட்டுங்கள். மெல்லிய வெல்வெட் பொட்டும் சரிதான், ஒட்டிவிட்டு ஒரு தாளை விசைகள்மேல் வைத்து மெதுவாக மூடிப் பாருங்கள். தாளைச் சிரமமில்லாமல் உருவ முடிந்தால் பயமில்லை. இன்னொரு வழி அரம். நகத்தைத் தேய்க்கும் அரத்தால் விசையின் முன் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போட்டால் பசையே தேவையில்லை, என்றைக்கும் போகாது. ஆனால் திரும்பச் சரிசெய்ய முடியாது, அதனால் எஃப், ஜேக்கு மட்டும் செய்யுங்கள். லேப்டாப் விசையைக் கழற்ற முயலாதீர்கள். அடியில் கத்தரிக்கோல் போல மடியும் மெல்லிய பிளாஸ்டிக், உடைந்தால் தீர்ந்தது.

லேப்டாப்பில் கூடுதலாக இரண்டு இடம் கவனிக்க வேண்டும். பல மாடல்களில் பவர் பட்டன் டெலீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதில் துளி உப்புத்தாள் ஒட்டுங்கள், விரல் பட்டதும் பின்வாங்கும். அப்புறம் மேல் வரிசை எஃப்1 முதல் எஃப்12 வரை. மேசைக் கீபோர்டில் நான்கு நான்காக இடைவெளி இருக்கும், லேப்டாப்பில் பெரும்பாலும் இருக்காது. எஃப்4, எஃப்8 இரண்டுக்கும் அடையாளம் வைத்தால் அந்த இடைவெளி திரும்பக் கிடைத்துவிடும்.

தூசிக்காகப் போடும் சிலிக்கான் உறையைக் கழற்றிவிடுங்கள், இருக்கிற மேட்டையும் அது மறைத்துவிடும். வீட்டில் மட்டும் வேலை என்றால் சாதாரண யூஎஸ்பி கீபோர்ட் ஒன்றைச் செருகி அதில் பொட்டு வையுங்கள். எனக்கு அதுதான் பிடித்த வழி.

பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஐயா: இருபது வருடச் சர்க்கரை. கண்ணும் போய்விட்டது, விரல் நுனியும் மரத்துப்போயிருக்கிறது. பிரெயில் படிக்க வரவில்லை.

ஐயா, நம் தீவில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு, உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரெயில் வராதது உங்கள் குறை இல்லை. ஒரு பிரெயில் எழுத்தில் புள்ளிகளுக்கு நடுவே இரண்டரை மில்லிமீட்டர்தான், உயரம் அரை மில்லிமீட்டர் போல. மரத்த விரலுக்கு அது தெரியாது.

உங்களுக்குப் பெரிய வித்தியாசம் வேண்டும். எஃப், ஜேயில் ரப்பர் குமிழ், டெலீட்டில் வெல்க்ரோவின் சொரசொரப்பான பாதி என்று வையுங்கள். மூன்று வகைக்கு மேல் போகாதீர்கள். நுனியை விட விரலின் பக்கவாட்டில் உணர்ச்சி நன்றாக இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள், சிலருக்கு அப்படி இருக்கும். இருந்தால் பொட்டை விசையின் பக்க ஓரத்தில் வைக்கலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உங்களுக்குக் கல் பொட்டும் உப்புத்தாளும் வேண்டாம். தோல் கிழிந்தாலும் தெரியாது, புண் ஆறவும் நாளாகும்.

ரெயூனியன், செயிண்ட் ஆந்த்ரே: எங்களிடம் பிரெஞ்சு கீபோர்ட். எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றனவே?

மாறியிருப்பது கொஞ்சம்தான். ஏயும் க்யூவும் இடம் மாறும், இசட்டும் டபிள்யூவும் மாறும், எம் எழுத்து எல்லுக்கு வலப்பக்கம் வந்துவிடும். எஃப், ஜே அதே இடத்தில்தான், பொட்டும் அதே இடம். உங்களுக்கு மேல் வரிசையில் ஷிஃப்ட் அழுத்தினால்தான் எண் வரும். கணக்கு நிறைய அடிப்பவரானால் வலப்பக்க எண் பகுதி உள்ள கீபோர்டே வாங்குங்கள். அதில் ஏழு எட்டு ஒன்பது மேலே இருக்கும். தொலைபேசியில் ஒன்று இரண்டு மூன்று மேலே. அடையாளம் இரண்டிலும் ஐந்தில்தான் என்பதால் விரல் குழம்பிவிடும், கவனம்.

வாக்வா, தமிழ் ஆசிரியர்: தமிழில் அடிக்க வேறு அடையாளங்கள் வேண்டுமா?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அதில் எஃப் இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? புள்ளி! மெய்யெழுத்துக்கு மேலே வைக்கும் அந்தப் புள்ளியை, விரலுக்குப் புள்ளி தட்டுப்படும் அதே விசையில் அடிக்கிறோம். மாணவர்களிடம் இதை ஒரு தடவை சொன்னால் மறக்கவே மாட்டார்கள். ஜேயில் ‘ப’, அதன் இடப்பக்கம் ‘க’, வலப்பக்கம் ‘ம’, ‘த’. அதிகம் வரும் எழுத்துகள் விரல் உட்காரும் வரிசையிலேயே இருப்பதால், ஆங்கிலத்துக்கு வைத்த பொட்டே தமிழுக்கும் போதும். வேண்டுமானால் ‘ழ’வுக்கு ஒன்று வையுங்கள். வலது ஷிஃப்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி இருக்கும், பழகும்வரை விரல் தேடும்.

பாம்ப்ளிமூஸ்: அலுவலகக் கணினியில் எதையும் ஒட்டக்கூடாது என்கிறார்கள்.

சுவரில் படம் ஒட்டும் நீல நிறக் களிமண் போன்ற பசை இருக்கிறதே, அதில் கடுகளவு உருட்டி வையுங்கள். சாயங்காலம் எடுத்துவிடலாம், தடமே இருக்காது. வெயில் அடிக்கும் மேசையில் இளகும், அங்கே வேண்டாம்.

குரேபீப்: ஒட்டியாயிற்று. மற்ற விசைகளை மகன் எப்படிக் கற்பான்? கூடவே உட்கார எங்களுக்கு நேரமில்லை.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் விண்டோஸுக்கு இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கியது. அதை நிறுவிவிட்டு, இன்செர்ட்டைப் பிடித்தபடி மேல் வரிசையில் 1 என்ற எண்ணை அழுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்த விசையைத் தொட்டு அழுத்தினாலும் அதன் பெயரைச் சொல்லும், கோப்பு எதற்கும் கேடு வராது. திரும்ப அதையே அழுத்தினால் நின்றுவிடும். தினமும் பதினைந்து நிமிடம் விளையாட்டாக அழுத்தட்டும். ஈரமான ஊர் உங்களுடையது, பொட்டுகள் சீக்கிரம் உரியும். மாதம் ஒரு தடவை நீங்கள் தடவிப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தா: ஆலை ஆபீசில் முப்பது வருஷம் டைப்ரைட்டர் அடித்தவன். இப்போது பார்வை இல்லை. எனக்கும் இத்தனை பொட்டு வேண்டுமா?

வேண்டாம் ஐயா. விசைகளை மூடிவைத்துப் பழகின தலைமுறை நீங்கள். எஃப், ஜே இரண்டும் போதும், டெலீட்டுக்கு ஒன்று. எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு நான் விரல் பழக்கிக்கொண்டிருக்கிறேன். முறையாக டைப் அடிக்கக் கற்றவள் இல்லை நான், என் சுண்டுவிரல் இன்னும் சரியாகப் போவதில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வந்து, அவர்களுக்கு, எனக்கும் சேர்த்துத்தான், சொல்லிக்கொடுப்பீர்களா?