பத்துக்கு நாலரை

அன்புள்ள சார்,

இரண்டு வருடமாகப் புது இண்டி, ஆல்டர்நேட்டிவ் ராக் இசை ஆல்பங்களுக்கு மதிப்புரை எழுதிவருகிறேன். ஆசைக்குச் செய்வதுதான், வருமானம் ஒன்றும் கிடையாது. எட்டு மாதத்துக்கு முன்பு இரண்டே பேர் கொண்ட ஒரு குழுவின் முதல் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியானது. சனிக்கிழமை இரவே எழுதிப் போட்டுவிட்டேன். ‘வழக்கமான இண்டி சத்தம்தான். எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்கிறது. பாடகி தூக்கத்தில் முனகுகிறார். அலுப்பு.’ இதுதான் சாரம். பத்துக்கு நாலரை கொடுத்தேன்.

அந்த ஆல்பத்தைப் பற்றி வேறு யாரும் எழுதவே இல்லை. குழுவின் பெயரைத் தேடினால் இன்றைக்கும் என் நாலரைதான் முதலில் வந்து நிற்கிறது. போன மாதம் எதேச்சையாக அதில் ஒரு பாட்டு காதில் விழுந்தது. அன்றிலிருந்து தினமும் அந்த ஆல்பத்தைக் கேட்கிறேன். சமீபத்தில் கேட்டதில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

என்ன செய்வது? பழைய மதிப்புரையை நீக்கிவிடவா? மதிப்பெண்ணை மட்டும் மாற்றவா? ‘சின்னக் குழுக்களைப் பிடிக்கவில்லை என்றால் எழுதாமல் விட்டுவிடு, அதுதான் மரியாதை’ என்கிறாள் தோழி. அது சரியா? அப்புறம், ஒரு தட்டுத் தட்டினால் யாரும் எதையும் கேட்டுவிடலாம் என்று ஆன பிறகு மதிப்புரைக்கு என்னதான் வேலை?

ம.

அன்புள்ள ம.,

ஆறுதலுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். நான் உங்களைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்காக ஒரு ராக் குழுவின் புது ஆல்பத்துக்கு எழுதினேன். ‘ஒற்றைக் கிதாரோடு நிறுத்திக்கொண்டது துணிச்சலான சிக்கனம்’ என்று ஒரு பத்தி பாராட்டு. ‘ஆனால் சில இடங்களில் வெறுமை தெரிகிறது’ என்று ஒரு பத்தி குறை. அச்சில் வந்ததும் ஒரு வாசகர் இரண்டே வரி எழுதினார்: ‘இன்னொரு கிதார் வலது பக்கம் இருக்கிறது. உங்கள் ஹெட்போனைப் பாருங்கள்.’ பார்த்தேன். வலது காது செத்து எத்தனை நாள் ஆகியிருந்ததோ. நீங்களாவது இரண்டு காதாலும் கேட்டுவிட்டுத் தவறு செய்திருக்கிறீர்கள்.

பழையதை நீக்காதீர்கள். இந்தத் துறையில் மனம் மாறுவது புதிதல்ல. 2003இல் அமெரிக்க ராக் பாடகி லிஸ் ஃபேர் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். இசை மதிப்புரைத் தளமான பிட்ச்ஃபோர்க் அதற்குப் பத்துக்குக் கொடுத்தது 0.0. பூஜ்யத்துக்கும் ஒரு தசமப் புள்ளி! அதை எழுதிய மேட் லெமே 2019இல் அவரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். 2021இல் அந்தத் தளமே தன் பழைய மதிப்பெண்களில் 19ஐ எடுத்து மறுபடி கணக்குப் போட்டபோது, அந்தப் பூஜ்யம் 6.0 ஆனது. நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி ஸீ’ 1998இல் வந்தபோது அதே தளத்தில் 8.7, 2005 மறுவெளியீட்டின்போது 10. நடுவில் யாரும் போய் அதில் ஒரு ஸ்வரத்தைக்கூடத் திருத்தவில்லை.

எனக்கு உங்கள் நாலரை பிரச்சினையாகவே படவில்லை. அதற்கு மேலே இருக்கும் வரிகள்தான் பிரச்சினை. ‘அலுப்பு’ என்பது ஒரு சனிக்கிழமை மாலை நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதைச் சொல்கிறது. ஆல்பத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ‘ஒரே பாட்டாகக் கேட்கிறது’ என்பது கொஞ்சம் உண்மை, ஆனால் எந்தப் புது ஆல்பத்துக்கும் முதல் நாள் பொருந்துகிற உண்மை. இரட்டைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதல்முறை போகிறவருக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். நாலு நாள் தங்கினால் இருமலை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார். காதும் அப்படித்தான். முதலில் பொதுவானதைப் பிடித்துக்கொள்கிறது: குரலின் நிறம், டிரம்ஸ் பதிவான அறையின் சத்தம், பாட்டுகளின் வேகம். வித்தியாசங்களுக்கு அது பிறகுதான் வரும்.

மிச்சமிருப்பது ‘பாடகி தூக்கத்தில் முனகுகிறார்’. உங்கள் மதிப்புரையிலேயே உருப்படியான வரி இதுதான் என்பேன். இப்போது உங்களுக்குப் பிடித்திருப்பதும் இந்த முனகல்தான் என்று பந்தயம் கட்டவும் தயார். மை ப்ளடி வேலண்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ 1991இல் வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் 19 ஸ்டூடியோக்களில் இழுத்தடித்துப் பதிவான ஆல்பம். அதில் பாடிய பிலிண்டா புச்சர் சொன்ன ஒரு தகவல் உண்டு. குரல் பதிவு பெரும்பாலும் காலை ஏழரை மணிக்கு நடக்குமாம். அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பவரை எழுப்பிப் பாட வைப்பார்களாம். நிஜமாகவே தூக்கக் கலக்கத்தில் பாடிய குரல்! அந்தக் குரலை வாத்தியங்களுக்கு மேலே தூக்கி நிறுத்தாமல், அவற்றுக்கு நடுவே இன்னொரு வாத்தியமாக அமுக்கி வைத்தது அந்த ஆல்பத்தின் வேலைப்பாடு. நீங்கள் கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதை அந்த நிமிடமே வசையாக்கிவிட்டீர்கள். ‘ஏன் இப்படிப் பாடுகிறார், கிதார் அப்போது என்ன செய்கிறது, வார்த்தை புரியாமல் போவதால் பாட்டுக்கு என்ன ஆகிறது’ என்று இன்னும் மூன்று வரி போயிருந்தால், அதே நாலரையோடுகூட அது நல்ல மதிப்புரையாக இருந்திருக்கும். அந்த மூன்று வரியைப் படித்து, ‘இது எனக்கான ஆல்பம்போல் இருக்கிறதே’ என்று யாராவது தேடிப் போயிருப்பார்கள்.

‘வழக்கமான இண்டி சத்தம்’ என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘இண்டி’ என்பது ‘இண்டிபெண்டண்ட்’, அதாவது சுயேச்சை என்பதன் சுருக்கம், சத்தத்தைக் குறிக்கப் பிறந்ததே இல்லை. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி விற்பனைப் பட்டியல் என்று ஒன்று தொடங்கியபோது, இசைத்தட்டு பெரிய கம்பெனிகளின் கை படாமல் கடைக்குப் போகிறதா என்பதுதான் அளவுகோல். அதனால் 1980களின் இறுதியில் பாப் பாடகி கைலி மினோக்கின் டான்ஸ் பாட்டுகளும் அதே பட்டியலில் மேலே ஏறின. ஆல்டர்நேட்டிவ் கதையும் இதேதான். எதற்கு மாற்று என்று கேட்டால் இன்று யாரிடமும் நேரான பதில் இருக்காது. வழக்கமான சத்தம் என்றால் எந்தச் சத்தம்? அதை எழுதுங்கள்.

எழுதச் சொல் இல்லை என்று சொல்லாதீர்கள். ஓசைக்குச் சொல் தேடித் தமிழ்க்காரர் வெளியே போகவேண்டியதில்லை. கிதாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷனை ‘டிஸ்டார்ஷன்’ என்றே எழுதிக்கொள்ளுங்கள், அது வந்துசேர்ந்துவிட்டது. ஆனால் அது கரகரவென்று இருக்கிறதா, நறநறவென்று இருக்கிறதா, கொழகொழவென்று வழிகிறதா என்று சொல்ல நம் இரட்டைக்கிளவி போதும். மூன்றும் மூன்று வேறு சத்தம், மூன்று வேறு மனநிலை. ரிவெர்ப், டிலே இரண்டையும் ‘எதிரொலி’ என்று ஒரே கூடையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிலே என்றால் சொன்ன சொல் தனித்தனியாகத் திரும்பி வரும், அதுதான் எதிரொலி. ரிவெர்ப் என்றால் ஆயிரம் பிரதிபலிப்புகள் ஒன்றோடொன்று கலந்து ஒரு வால்போல நீளும். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் அதற்கு எதிர்முழக்கம் என்று அழகான பெயர் உண்டு. உங்கள் பாடகியின் குரலில் இருப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். முனகல் ஏன் முனகலாக இருக்கிறது என்பதில் பாதி அங்கே தெரிந்துவிடும்.

அவசரத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 2015 ஜூலை முதல் புது ஆல்பங்கள் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். எல்லோருக்கும் ஒரே நாள் என்றானதும் எல்லோருக்கும் அதே நாளில் எழுதிவிடும் வெறி. ஆனால் பெரிய தளங்களில் எழுதுகிறவர்களுக்கு ஆல்பம் சில வாரங்களுக்கு முன்பே கைக்கு வந்துவிடும். இந்தத் தேதிக்கு முன் வெளியிடக்கூடாது என்பதுதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே கட்டுப்பாடு. நீங்கள் வெள்ளிக்கிழமை காலையில் பந்தயத்துக்குக் கிளம்புகிறீர்கள், அவர்கள் போன மாதமே ஓடத் தொடங்கிவிட்டார்கள். இதில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது? நாற்பது நிமிட ஆல்பத்தை ஐந்து முறை கேட்க மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். நான் முதல்முறை வேறு வேலை செய்துகொண்டே கேட்பேன், குறிப்பு எடுக்க மாட்டேன். பிறகு இரண்டு முறை பேனாவோடு. அப்புறம் மூன்று நாள் அந்தப் பக்கமே போவதில்லை. பாத்திரம் கழுவும்போது எந்தப் பாட்டு தானாக வாயில் வருகிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் நான் குறிப்பெடுத்த பாட்டு வராது. ஒன்றுமே வரவில்லை என்றால் அதுவும் எழுதவேண்டிய செய்திதான்.

குழு அனுப்பும் அறிமுகக் காகிதத்தை ஐந்தாவது முறை கேட்ட பிறகு படியுங்கள். ‘போன் ஈவேர்’ என்ற பெயரில் பாடும் அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் ஒரு குளிர்காலத்தை விஸ்கான்சினில் ஒரு மர வீட்டில் தனியாகக் கழித்து, 2007இல் தானே வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் பற்றி வந்த மதிப்புரைகளில் பாதி அந்த வீட்டைப் பற்றியவை. நல்ல கதைதான். ஆனால் அடுக்கடுக்காகப் பதிவு செய்த அவருடைய மெல்லிய உச்சக்குரல் கதைக்குள் காணாமல் போய்விடுகிறது.

தோழி சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். ஊரில் யாருக்கும் தெரியாத ஆளைப் பற்றி ‘இவரை நம்பாதீர்கள்’ என்று தண்டோரா போடுவதில் அர்த்தமில்லை. கையில் ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது என்றால் நானும் எழுதமாட்டேன். ஆனால் குழு எதற்கு முயன்றது, எந்த இடத்தில் கால் இடறியது என்று காட்ட முடிந்தால் எழுதுவேன், குழு எவ்வளவு சின்னதாக இருந்தாலும். யாரும் எழுதாமல் விடுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளும் இசைக்கலைஞர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

ஸ்லிண்ட் என்ற குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’ 1991இல் வெளியானது. ஆறே பாட்டு. பல இடங்களில் பாடுவதே இல்லை, பேச்சுதான். கிதார் அடங்கி அடங்கி இருந்துவிட்டுத் திடீரென்று வெடிக்கும். ஆல்பம் வெளிவருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. நாலரை வாங்க எல்லாத் தகுதியும் இருந்த ஆல்பம். அப்போது அதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி. மெலடி மேக்கர் பத்திரிகையில் பத்து நட்சத்திரம் கொடுத்து, நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து, பத்து வருடத்தில் இது ஒரு மைல்கல்லாக இருக்கும், அப்போது அடித்துப் பிடித்துத் தேடாமல் இப்போதே வாங்கிவிடுங்கள் என்கிற அர்த்தத்தில் எழுதினார். அப்படியே நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே குழுவின் முந்தைய ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தவரே அல்பினிதான். இன்றைக்கு என்றால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதியதுபோல் இருக்கிறது என்று நாமே கிண்டலடித்திருப்போம். எனக்கும் அது நெருடத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் காதுகளுக்கு அந்தச் சத்தம் ஏற்கெனவே பழக்கம். நீங்கள் ஏழு மாதம் கழித்து வந்துசேர்ந்த இடத்திலிருந்துதான் அவர் தொடங்கினார்.

கடைசிக் கேள்வி. அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969இல் ஆல்பங்களுக்குப் பள்ளிக்கூடம்போல் ஏ, பி, சி என்று கிரேடு போடத் தொடங்கினார். அவர் எழுதிய அந்தத் தொடருக்குப் பெயரே ‘கன்ஸ்யூமர் கைடு’, அதாவது நுகர்வோர் வழிகாட்டி. காசு கொடுத்து வாங்கினால்தான் கேட்கலாம் என்ற காலம், வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை போய்விட்டது. இன்று கேட்பவருக்குச் செலவாவது பொறுமை மட்டும்தான், அதிலும் அவர் மகா சிக்கனம். ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. உங்களுடைய முனகும் பாடகி முப்பது விநாடியில் யாரையும் பிடித்து நிறுத்தப்போவதில்லை. 2024 முதல் இன்னொரு விதி: முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு கிடையாது. ஐம்பது பேர் ஒரு பாட்டை இருபது தடவை கேட்டால் ஆயிரம். உங்களுக்கு எத்தனை வாசகர்கள் என்று எனக்குத் தெரியாது, ஐம்பது பேர் இருப்பார்கள் இல்லையா? அவர்களிடம் ‘மூன்றாவது பாட்டில் இரண்டு நிமிடம் தாண்டும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அங்கே பேஸ் கிதார் மட்டும் தனியாக நிற்கிறது’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அதனால் இரண்டாவது மதிப்புரை ஒன்று எழுதுங்கள். பழையது தேதியோடு அப்படியே இருக்கட்டும். அதன் தலையில், இப்போது கருத்து வேறு என்று ஒரு வரியும், புதியதற்குப் போகும் வழியும். மன்னிப்புக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள், இல்லாவிட்டால் இதுவும் உங்களைப் பற்றிய கட்டுரையாகிவிடும். பாடகிக்குத் தனியாகக் கடிதம் எழுதவும் வேண்டாம். உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை அவர் தலையில் விழும். மனசு கேட்காவிட்டால், குழுக்கள் ரசிகர்களுக்கு நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தை வாங்கிவிடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுத்துக்கொள்வது வழக்கமாக 15 சதவீதம், மீதி பெரும்பாலும் குழுவுக்குப் போகும். இந்தமுறை மதிப்பெண்ணும் வேண்டாம் என்பது என் யோசனை. எட்டரை என்று போட்டுவிட்டு, அடுத்த வருடம் அது ஒன்பதாகிவிட்டது என்று எனக்கு மறுபடி கடிதம் எழுதுவீர்கள்.

ஒன்று கவனித்தீர்களா? இவ்வளவு எழுதிய நீங்கள், குழுவின் பெயரையும் ஆல்பத்தின் பெயரையும் எழுதவே இல்லை. அனுப்பி வையுங்கள். ஹெட்போன் மாற்றிவிட்டேன், இப்போது வலது பக்கமும் கேட்கிறது.